இர்லி சார் அழித்த ஃபோல்டர்

உலகத்தில் எதையுமே தொலைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் இர்லி சார்தான். ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியர் அவர். தமிழர்தான். ஆனால் எதை எறியப் போனாலும் கன்னடத்தில் "இர்லி, இர்லி" என்று தடுப்பார். இருக்கட்டுமாம். அதுவே பெயராகிவிட்டது.

வெயில் கொளுத்தும் நாளிலும் அவரிடம் குடையும் இருக்கும், ரெயின்கோட்டும் இருக்கும். "குடை பறந்துட்டா?" என்பார்.

ஒரு கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக ஓ.எஸ். போட வேண்டுமென்றால் அந்த செக்‌ஷனே நடுங்கும். ஓ.எஸ். போட ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் பேக்கப் எடுக்க ஒரு நாள். காப்பி எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்ப்பார். "காப்பி ஆயிடுச்சுன்னு அது சொல்லும்ப்பா. தெறந்தாத்தானே தெரியும்!"

ஒருமுறை மேனேஜர் பொறுமை இழந்தார். "ஏன்யா, என் மெஷின்ல ஒண்ணுமே இல்ல. அழிச்சுத் தள்ளு!"

"ஆகட்டும் சார்" என்றார். அழித்தார். மறுவாரம் மேனேஜர் ஒரு பழைய கொட்டேஷனைத் தேடி அலைந்தபோது, பிரசாதம் தருவதுபோல் இரண்டு கையாலும் ஒரு ஹார்ட் டிஸ்கை நீட்டினார். அதன் பிறகு மேனேஜரே "இர்லி" சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ரேவதியின் கம்ப்யூட்டர் போனது. ரேவதி அக்கவுண்ட்ஸில் இருந்தாள். ஹனூர் பக்கம் ராமாபுரத்துப் பெண். நிச்சயமான கல்யாணம் அப்போதுதான் நின்றுபோயிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

"கணக்கு ஃபைல் மட்டும் போதுங்க சார். டெஸ்க்டாப்புல 'கல்யாணம்'னு ஒரு ஃபோல்டர் இருக்குதுங்க. அது வேண்டாமுங்க."

சார் தலையாட்டினார்.

மறுநாள் கம்ப்யூட்டர் துடைத்துவிட்ட பலகைபோல் திரும்பி வந்தது. ரேவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்து சார் குனிந்து, நல்ல சேதி சொல்கிற குரலில், "கவலைப்படாதம்மா. அந்த ஃபோல்டரும் பத்திரமா இருக்கு" என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "வேண்டாமின்னு சொன்னேனுங்களே சார்."

"இல்லம்மா, பின்னாடி என்னைக்காவது பாக்கணும்னு தோணுச்சுன்னா..."

"தோணக் கூடாதுன்னுதானுங்க சார்."

பக்கத்து மேஜையில் இருந்த எனக்கே சுருக்கென்றது. சார் போய் ஹார்ட் டிஸ்கை எடுத்து வந்து அவள் எதிரிலேயே செருகினார். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. எங்களிடம் இதே கேள்வியை மூன்று தரம் கேட்கிறவர், அன்று அவளிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அழுத்திவிட்டார்.

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் நகரவே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"அம்மா... என் டிராயர்ல இன்னொரு காப்பி இருக்கு."

அதையும் கொண்டுவந்து அழித்தார். மறுபடியும் செருமல்.

"ஸ்கூட்டர் டிக்கியில ஒண்ணு..."

ரேவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள்! அழுகையும் சிரிப்புமாக, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மேனேஜர் கேபினிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சார் பார்க்கிங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது சார் சொன்னார்: "அந்தப் பொண்ணு தூக்கி எறிஞ்ச பாரத்தை நான் திரும்ப அவ தலையிலயே வைக்கப் பாத்திருக்கேன். நல்லது செய்யறதா நெனைச்சுக்கிட்டு."

இப்போது அவர் ரிட்டயராகி, பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறார். என் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. போன வாரம் அவருக்குப் போன் செய்து, "சார், ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசா ஓ.எஸ். போடணும்போல" என்றேன்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே!" என்று பதறினார்.

தொடவில்லை. வீட்டில் மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருக்கும் சேர்த்து உலை வைக்கச் சொன்னேன்.