கடைசி விரல் வரை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரமா, நெருப்பா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. கடைத்தெரு வங்கிக் கிளையின் இரண்டாவது கவுண்டரில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தால் போதும். வைத்தவர் யார், அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று மூன்றே நொடியில் சொல்லிவிடும். 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை தேடி முனிவர்கள் வீணாகக் காட்டுக்குப் போனார்கள். கடைத்தெருவுக்கு வந்திருக்கலாம்.

சிறுதொழில் செய்பவர்களைத் தேடிப் பிடித்துக் கடன் கொடுப்பதற்காக வங்கி தொடங்கிய 'கடைசி விரல் வரை' என்னும் மகத்தான திட்டத்துக்கு அந்தப் பெட்டிதான் அச்சாணி. ஒரு திங்கட்கிழமை காலை அதன்முன் வந்து நின்றாள் சோப்பு அக்கா.

அவள் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. சோப்பு அக்கா என்றால் நாய்கூட வழிகாட்டும். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இருபது வருஷமாகத் துணி சோப்பு காய்ச்சுகிறாள். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்த்துக் கிண்டி, பதம் பார்த்துப் பிசைந்து, அச்சில் ஊற்றி, வில்லை போடுவது வரை எல்லாம் கையால்தான். கையுறை போட்டால் பதம் பிடிபடாது என்பாள். அண்மையில் கல்லூரி விடுதி ஒன்று மாதம் ஆயிரம் கட்டி கேட்டிருந்தது. இரண்டு கையை வைத்துக்கொண்டு முந்நூறுக்கு மேல் முடியாது. கலக்கும் மெஷின் ஒன்று வேண்டும். இரண்டு மாதத்துக்குள் முடியுமா முடியாதா என்று சொல்லச் சொல்லியிருந்தார் விடுதிக் காப்பாளர்.

அக்காவுக்கு வங்கி புதிதல்ல. நான்கு வருஷத்துக்கு முன் வந்தபோது, "கைநாட்டுக்கெல்லாம் கடன் கிடையாது" என்று அன்றைய மேனேஜர் திருப்பி அனுப்பினார். ரோஷக்காரி. ஆறு மாதம் மாலைப் பள்ளிக்கூடம் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். சாதாரணக் கையெழுத்து இல்லை. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதைப் போட்டுக் காட்டுவதற்காகவே பேனாவும் வாங்கி வந்திருந்தாள்.

புது மேனேஜர் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"கையெழுத்தா? மேடம், அதெல்லாம் அந்தக் காலம். கட்டைவிரலை வைங்க."

"போன தடவை கட்டைவிரலை நீட்டினதுக்குத்தானே சார் துரத்தி விட்டீங்க?"

"அது கைநாட்டு மேடம். இது 'பயோமெட்ரிக்'."

இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை ஒரே வரியில் விளக்கியவர் வாழ்க. அக்கா பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு விரலை வைத்தாள். பெட்டி சிவப்பாகக் கண் சிமிட்டியது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தாள். பத்து விரலும் முறை போட்டுக்கொண்டு ஏறி இறங்கின. கடைசியில் திரையில் ஒரு வாசகம் வந்தது: 'இப்படி ஒருவர் இல்லை.'

"நான் இங்கதானே சார் நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க மேடம். நான் மறுக்கவே இல்ல. ஆனா கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே." மேனேஜர் அவள் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ரேகையே காணோமே! எங்க போச்சு?"

"சோப்புல போச்சு. இருபது வருஷம் காஸ்டிக்ல கை வச்சா வேற என்ன ஆகும்? அதுக்குத்தானே மெஷின் கேக்குறேன். மெஷின் வந்தா கை தப்பிக்கும்."

"நல்ல யோசனை மேடம். முதல்ல கை தப்பிக்கட்டும், அப்புறம் மெஷின் வாங்கிடலாம்."

தலைமையகம் இதற்கும் வழி செய்திருந்தது. சுற்றறிக்கையை எடுத்து உருக்கமாக வாசித்தார். விண்ணப்பதாரர் நாற்பத்தைந்து நாள் கைக்கு 'முழு ஓய்வு' கொடுத்தால் தோல் புதிதாக வளரும், ரேகை திரும்பும், கடனும் கிடைக்கும். அதாவது, தொழிலை நிறுத்தினால் தொழில் கடன்.

வீட்டில் மந்திராலோசனை நடந்தது. வீட்டில் மூன்று பேர். அக்கா, வில்லைகளை உறையில் போட்டுக் கட்டும் நாத்தனார், அப்புறம் அக்காவின் கணவர். கணவரைத் தெருவே 'சிந்தனையாளர்' என்று அழைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, என்ன தொழில் செய்யலாம் என்று சிந்தித்துக்கொண்டிருக்கிறார். கெட்டவர் இல்லை. ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை, அவ்வளவுதான்.

"அண்ணி, நீங்க உக்காருங்க. நான் கிண்டுறேன்" என்றாள் நாத்தனார்.

"உன் கை போயிடும்டி."

"மெஷின் வந்ததும் ரெண்டு பேர் கையும் வளரட்டும்."

அக்கா உட்கார்ந்தாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, நாத்தனார் கிண்டுவதைப் பார்த்தாள். முதல் இரண்டு முறை திரிந்து போனது. மூன்றாம் முறை பதம் வந்தது. நாத்தனாரின் விரல் நுனியில் தோல் உரியத் தொடங்கியபோது அக்காவுக்கு அழுகை வந்தது. கை சும்மா இருந்தது, மனசுதான் வெந்தது.

நாற்பத்தாறாம் நாள் கையடக்கப் பெட்டியோடு வங்கியின் கள ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். அக்கா விரலை வைத்தாள். பச்சை! இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் மறுபடி இந்த உலகத்தில் இருந்தாள். நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

ஆய்வாளர் கொட்டகையை எட்டிப் பார்த்தார். "இப்ப சோப்பு காய்ச்சுறது யாரு?"

"என் நாத்தனார் சார். நீங்கதானே என்னைச் சும்மா இருக்கச் சொன்னீங்க?"

"அப்ப தொழில் உங்களுது இல்லையே. தொழில் செய்யறவங்களுக்குத்தான் கடன். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு." பெட்டியை நாத்தனார் பக்கம் திருப்பினார். "நீங்க வைங்கம்மா."

வைத்தாள். சிவப்பு.

ஆய்வாளருக்கும் வருத்தம்தான். அந்த மாதத்துக்கு இன்னும் ஒரே ஒரு பயனாளி அவருக்குத் தேவைப்பட்டது. அவர் பார்வை வாசல் பக்கம் போனது.

"அங்க உக்காந்திருக்கறது யாரு?"

"அண்ணன்" என்றாள் நாத்தனார்.

"கன்னத்துல இருக்கற கையைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

சிந்தனையாளர் விரலை வைப்பதற்கு முன்பே பெட்டி பச்சையானது என்று பிற்பாடு ஆய்வாளர் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு விரலைப் பார்த்ததில்ல சார்! கோடு கோடா, அச்சடிச்ச மாதிரி!"

"அவர் ஒரு வேலையும் செய்யறதில்லையே" என்று அன்று வாசலிலேயே சொல்லிப் பார்த்தாள் அக்கா.

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லம்மா. தொழில்னு என்ன போட?"

"சிந்தனை" என்றார் கணவர் அடக்கமாக.

"ஆலோசனை நிறுவனம்னு போட்டுடறேன்."

"அந்தப் பணத்துல எங்களுக்கு மெஷின் வாங்கலாமா சார்?"

ஆய்வாளர் பட்டியலைப் புரட்டினார். ஆலோசனைத் தொழிலுக்கு மெஷின் அனுமதி இல்லை. சுழல் நாற்காலி உண்டு. பணமும் கையில் தர மாட்டார்கள், நேரே நாற்காலிக் கடைக்குத்தான் போகும்.

அதே வாரம் விடுதியின் ஆர்டர் வெளியூர்க் கம்பெனிக்குப் போயிற்று. வங்கியில் பாராட்டு விழா நடந்தது. திட்டத்தின் ஆயிரமாவது பயனாளியாகச் சிந்தனையாளர் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வரிசையில் அக்காவும் நாத்தனாரும். அக்கா அன்று காலையே மறுபடி காஸ்டிக்கில் கை வைத்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். எரிந்தாலும் அவர்களும் தட்டினார்கள்.

"உங்க வெற்றியோட ரகசியத்தை நாலு பேருக்குச் சொல்லுங்க சார்" என்று மேனேஜர் மைக்கை நீட்டினார்.

சிந்தனையாளர் சிந்தித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"உழைப்புதாங்க. என் பொண்டாட்டி இருபது வருஷம் உழைச்சா, அவளுக்குக் கடன் குடுக்கல. என் தங்கச்சி ஒன்றரை மாசம் உழைச்சா, அவளுக்கும் குடுக்கல. நான் அதைத் தொட்டதே இல்ல. வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாங்க."