திறக்கக் கூடாத கடிதம்

தபால்தலை என்பது கடிதத்தில் ஒட்டுவதற்காகத்தான் என்றொரு மூடநம்பிக்கை உலகில் நெடுங்காலம் இருந்துவந்தது. அதை வேரோடு பிடுங்கி எறிந்த பெருமை, 1997-ஆம் ஆண்டு வூஹான் நகரத்துப் பிளாஸ்க் தொழிற்சாலை ஒன்றில் உதயமான 'தொழிலாளர் தபால்தலைப் பண்பாட்டுக் கழக'த்தையே சாரும். உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கழகம் தொடங்கிய ஆறு மாதத்தில் அவர்களில் ஒருவர்கூட யாருக்கும் ஒரு கடிதம் போடவில்லை. இப்படியொரு கட்டுப்பாட்டைப் பட்டாளத்தில்கூடப் பார்க்க முடியாது.

கழகத் தலைவர் ஜோங், தொழிற்சாலை உணவுக்கூடத்தின் மேலாளர். பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கழகத்தின் கொள்கைகளை மூன்றே சொல்லில் அடக்கியவரும் அவரே: தொடாதே, பிரிக்காதே, ஒட்டாதே.

இவற்றுள் இரண்டாவதுதான் உயிர்க்கொள்கை. அச்சகத்திலிருந்து தாள் சுற்றி முத்திரை வைத்து வரும் தபால்தலைக் கட்டுக்கு, பிரித்த கட்டைவிட விலை அதிகம். ஆகவே யாரும் பிரிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்காச் சந்தையில் கட்டு கைமாறும்.

"உள்ள என்ன படம்ணே?"

"இது எருது வருஷமாச்சே, எருதுன்னு சொல்றாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தா வெல போயிடுமேய்யா!"

இதற்குப் பெயர்தான் நம்பிக்கை. கண்ணால் காணாத எருதை ஆறு பேர் வாங்கி விற்று, ஆறு பேருமே லாபம் பார்த்தார்கள்.

இந்தப் புண்ணியச் செயலில் மூழ்கி முத்தெடுத்தவர் ருவான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிளாஸ்க் தக்கைகளைப் பரிசோதித்து வந்தவர். ஒழுகுமா ஒழுகாதா என்று தக்கையைத் தொட்டே சொல்லிவிடுவார். மற்ற விஷயங்களில் அவருக்கு அந்தக் கூர்மை தேவைப்பட்டதில்லை. சேமிப்பு முழுவதையும் நான்கு கட்டுகளாக மாற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். ஜூன் பிறந்து நசநசவென்று மழை பிடித்ததும், வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியைக் கட்டிலுக்கு அடியில் திருப்பிவிட்டார்.

"மியான் அப்பா, அந்த விசிறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன். வேகுது" என்றாள் மனைவி குய்ஷி.

"நீ வெந்தா துடைச்சுக்கலாம். அது வெந்தா?"

குய்ஷி கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள். அவள் சிவப்புப் பட்டில் கல்யாண மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் மியான், வடமேற்கே கான்சு மாகாண மலைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அங்கே ஒரு மாட்டு வைத்தியரைப் பிடித்துப்போய், அம்மா அப்பாவிடம் சம்மதமும் கேட்டு வாங்கிவிட்டாள். அந்த ஊருக்குத் தொலைபேசிக் கம்பி போயிருந்தது, பேச்சுதான் போவதில்லை. 'நாள் குறித்ததும் எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தாள். இரண்டு இரவு ரயில் பயணம். குய்ஷி மெத்தையைத் தைத்து முடித்து, கயிறு போட்டுக் கட்டி, கதவோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மகளுக்கு நடுவில் இரண்டு வரி எழுதிப் போடலாமென்று அவள் தபால் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தாள்.

"ஒரு ஸ்டாம்ப் குடும்மா."

"எட்டே காலுக்கே தீர்ந்துபோச்சுக்கா. எதுக்கு, சேக்கவா?"

"ஒட்டத்தான்."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒட்டவா? உங்களுக்கு எந்த ஊரு அக்கா?"

பதினொன்றாம் தேதி மியானின் கடிதம் வந்தது. வந்த இடம் தொழிற்சாலை வாயிற்காப்போன் அறை. வாங்கியவர் ருவான்.

அன்று காலை அவர் முதலில் செய்யப்போனது எந்தத் தகப்பனும் செய்யக்கூடியதுதான். உறையின் ஓரத்தைக் கிழிக்க விரலைக் கொண்டுபோனார். அப்போதுதான் பின்னாலிருந்து ஜோங்கின் குரல் கேட்டது.

"ஐயோ! கையை எடுய்யா!"

ஜோங் கடிதத்தை இடுக்கியால் வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"தம்பி ருவான், இந்த முத்திரை எந்த ஊருதுன்னு தெரியுதா? வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் திறக்குற மலைத் தபாலாபீஸ். மை ஒரு துளிகூடப் பரவலை. பின்பக்கம் நம்ம ஊர் முத்திரையும் சுத்தமா விழுந்திருக்கு. இருபதாம் தேதி நம்ம கண்காட்சி. முதல் பரிசு உனக்குத்தான்."

"நெஜமாவா தலைவரே?"

"பிரிக்காம இருந்தா. பிரிச்ச கவர் குப்பை, பிரிக்காத கவர் வரலாறு."

ருவான் தயங்கினார். "உள்ள... மகளோட கல்யாணத் தேதி இருக்குமே தலைவரே."

"தேதி எங்கய்யா ஓடிப்போவப் போகுது? உள்ளதானே இருக்கு?"

இப்படிப்பட்ட தர்க்கத்துக்கு முன்னால் ஒரு தக்கைப் பரிசோதகர் என்ன செய்ய முடியும்? கடிதம் கண்ணாடித்தாள் உறைக்குள் புகுந்து, கழகத்தின் பூட்டிய பெட்டிக்குள் சென்றது.

அன்றிலிருந்து தினமும் மாலையில் குய்ஷி கேட்பாள், "கடுதாசி வந்துச்சா?"

"வரலையே."

"அந்தப் புள்ள இவ்வளவு நாள் தாமதிக்க மாட்டாளே."

"மலைப் பாதைல்ல. மழை வேற."

சொல்லும்போது ருவானுக்கு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு யாங்ஸே ஆற்றங்கரையில் படகு காட்டிய நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. தபால்தலைப் பண்பாட்டுக்காக அதையும் தாங்கிக்கொண்டார்.

இருபதாம் தேதி உணவுக்கூடத்தில் கண்காட்சி. உறுப்பினர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரிக்காத கட்டுகளைச் சுற்றிச்சுற்றி வந்து, தாள் சுற்றியிருந்த நேர்த்தியைப் பாராட்டினார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதன் மேல் அட்டை: 'முதல் பரிசு. மலைத் தபால். திறக்கப்படாதது. உரிமையாளர்: ருவான்.'

மதியம் கணவனுக்கு எள் விழுது பிசைந்த நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு வந்த குய்ஷி, பெட்டிக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு முத்திரை தெரியவில்லை, மை தெரியவில்லை. மகளின் கையெழுத்து தெரிந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

எல்லாரும் ஜோங்கைப் பார்த்தார்கள்.

"சாவியை எடுங்க."

"தங்கச்சி, கொஞ்சம் பொறுமை" என்றார் ஜோங். "இது இப்ப ஒரு குடும்பத்தோட சொத்து இல்ல. பண்பாட்டுச் சொத்து."

குய்ஷி நூடுல்ஸ் தூக்கை மேசைமேல் வைத்தாள். கொண்டை ஊசியை உருவினாள். பெட்டிப் பூட்டு அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. உறைக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. அது கிழிந்த சத்தத்தில் இரண்டு உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவள் அங்கேயே நின்று உரக்கப் படித்தாள். "அம்மா, அப்பா, கல்யாணம் இந்த மாசம் பதினெட்டாம் தேதி. பதினாறு ராத்திரி ரயிலைப் பிடிச்சா சரியா வந்துடலாம். நீங்க வந்து உக்காந்தாதான் எனக்கு நிறைவா இருக்கும். வர முடியலைன்னா ரெண்டு வரி ஆசீர்வாதம் எழுதி அனுப்புங்க, மாப்பிள்ளை வீட்டுல படிச்சுக் காட்டணும். அங்க ஸ்டாம்ப் கிடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். உள்ள ஒண்ணு வெச்சிருக்கேன்."

மடித்த தாளிலிருந்து சிறிய தபால்தலை ஒன்று மேசைமேல் விழுந்தது.

"முந்தாநாள்" என்றாள் குய்ஷி. "முந்தாநாள் என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

முதலில் அசைந்தவர் ஜோங். பூதக்கண்ணாடியோடு மேசைமேல் குனிந்தார். "அடடா! இது நகரத்துல எப்பவோ தீர்ந்துபோன பழைய இருப்பு! மலைத் தபாலாபீஸ் மேசைக்குள்ள கிடந்திருக்கு. தம்பி ருவான், நீ கொடுத்து வெச்சவன்யா!"

குய்ஷி அந்தத் தபால்தலையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டில் அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தபால்தலைக் கட்டை இழுத்துப் போட்டாள். "இனிமே மாசம் நாலு கடுதாசி போடப்போறேன். இதைப் பிரிங்க."

ருவான் பிரித்தார். உள்ளே எருதுதான் இருந்தது. ஆனால் ஒரு எருதைக்கூடத் தனியாக எடுக்க முடியவில்லை. இருபது நாள் மழை ஈரத்தில் பசை இளகி, தாளோடு தாள் ஒட்டி, கட்டு முழுவதும் செங்கல்லாகியிருந்தது. மற்ற மூன்றும் அப்படியே. விசிறி, மழை ஈரத்தை நாள் தவறாமல் கட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஒட்டாதே' என்ற கொள்கையை உறுப்பினர்கள்தான் கடைப்பிடித்தார்கள், தபால்தலைகள் அல்ல. ருவான் செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மகளின் கல்யாணத் தேதியைக் கேட்டபோது வராத அழுகை.

அவர் அழுது முடிப்பதற்குள் குய்ஷி காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். பிறகு மகளுக்கும் மருமகனுக்கும் நிறைந்த மனதோடு ஒரு பக்கம் ஆசி எழுதினாள். அதில் கணவனையும் கையெழுத்துப் போட வைத்தாள். மகள் அனுப்பிய தபால்தலையில் பழைய பசை காய்ந்துபோயிருந்ததால், அதை அரிசிக் கஞ்சி தடவி அழுந்த ஒட்டி, உறையை அவர் கையில் கொடுத்தாள்.

"நேரா பெட்டியில போட்டுட்டு வாங்க. வழியில யாரையும் பார்க்க வேணாம்."

"யாரைப் பார்க்கப் போறேன்?" என்றார் ருவான். சொன்ன சொல் தவறவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்குப் போய் ஒரு பிளாஸ்க் வெந்நீர் பிடித்துக்கொண்டு, தன் தக்கை அறைக்குள் கால் மணி நேரம் தனியாக இருந்துவிட்டு, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து மியானின் பதில் வந்தது. இந்த முறை குய்ஷி வாயிற்காப்போன் அறையிலேயே காத்திருந்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து ருவானை எதிரில் உட்காரவைத்துப் படித்தாள்.

"அம்மா, ஆசீர்வாதம் வந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க, மாமியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. கவர்ல ஸ்டாம்ப் இல்லைன்னு சொல்லி, இங்க ரெட்டைக் கட்டணம் கட்டித்தான் கடுதாசியை வாங்கினோம். வழியில உதிர்ந்துபோயிருக்கும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ஸ்டாம்ப் தொலைஞ்சதுன்னா ரொம்ப வருத்தப்படுவாரு."

குய்ஷி கடிதத்தை மடித்தாள். எழுந்துபோய் அவருடைய தலையணைக்கு அடியிலிருந்து தபால்தலைப் புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அது பத்திரமாக இருந்தது. கீழே ருவானின் முத்து முத்தான எழுத்தில் குறிப்பு: 'அரிய மலை இருப்பு. பின்பக்கப் பசை: அரிசிக் கஞ்சி. உலகில் ஒன்றே ஒன்று.'

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் குய்ஷி. "ஊர்ல அப்பன்மாரெல்லாம் பொண்ணு கல்யாணத்துக்கு மொய் வைப்பாங்க. பொண்ணுகிட்டயிருந்து மொய்யை உரிச்சு எடுத்த அப்பன் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான்."