மேஜையைக் காப்பாற்ற ஒரு விளம்பரம்

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, நான் ஆன்லைனில் பணம் சம்பாதிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு அரை மணி நேரம் முன்னால் என் மனைவி மைதிலி, என் மேஜையைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட் எழுநூற்று இருபது சதுர அடி. அதில் எனக்கென்று உள்ள பூமி, ஹால் ஜன்னலோரம் கிடக்கும் நாலடிக்கு இரண்டடி மேஜை. மற்றதெல்லாம் மைதிலியின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. வாரம் ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் திட்டு வாங்குகிறேன். ஏழாம் நாள் அந்த மேஜை முன்னால் உட்கார்ந்தால்தான் நானும் ஒரு மனுஷன் என்ற நினைப்பு வரும்.

"அந்த மேஜைல நீங்க என்னதான் பண்றீங்க?" என்றாள்.

"யோசிக்கிறேன்."

"யோசிக்க மேஜை எதுக்குங்க? பஸ்ல போறப்ப யோசிங்களேன்."

"பஸ்ல நிக்கவே இடமில்ல. யோசனைக்கு எங்க இடம்?"

"எனக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேணும். ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டா, ஜாக்கெட்டுக்காக அந்த டெய்லர்கிட்ட கெஞ்ச வேண்டாம். தீபாவளிக்குக் குடுத்தா பொங்கலுக்குத் தர்றான். அதுவும் வேற யாரோட அளவுலயோ."

"இது சும்மா மேஜை இல்ல, மைதிலி. என் ஆபீஸ். இங்க உக்காந்துதான் ஆன்லைன்ல சம்பாதிக்கப் போறேன்."

வாய் சொல்லிவிட்டது. எப்படிச் சம்பாதிப்பது என்று அதற்குப் பிறகுதான் தேடினேன். ஒரு இளைஞர் வீடியோவில் வந்து, மலைப்பிரதேசம் ஒன்றில் காபி குடித்துக்கொண்டே விளக்கினார். நம்மிடம் சரக்கே வேண்டாமாம். ஆன்லைன் கடை ஒன்று நமக்கென்று ஒரு லிங்க் தரும். அந்த லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன். ஆட்களை அந்த லிங்க்குக்கு அழைத்து வர, ஜனங்கள் கூகுளில் தேடும்போது மேலே தெரிகிற மாதிரி ஒரு விளம்பரம் போட வேண்டும். அவ்வளவுதான். காபி மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் சின்னதாக ஒரு விஷயம் உண்டு. விளம்பரத்தை யார் தட்டினாலும், ஒவ்வொரு தட்டுக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும். தட்டியவர் பொருள் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. இந்தச் சின்ன விஷயத்தை மட்டும் மைதிலியிடம் சொல்லவில்லை. புருஷனுக்கென்று ஒரு ரகசியமாவது வேண்டாமா?

பந்தயம் எழுத்து மூலமாக இல்லையே தவிர, சாமி படத்துக்கு முன்னால் நடந்தது. ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு ஆர்டர் வந்தால் போதும், மேஜை ஆயுசுக்கும் என்னுடையது. வராவிட்டால் மேஜை பழைய சாமான்காரருக்கு. கூடவே தையல் மெஷினும் நான் வாங்கித் தர வேண்டும்.

என்ன பொருளை விற்பது? வீட்டிலேயே சந்தை ஆராய்ச்சி செய்தேன். மூன்று வருஷமாக மைதிலி தையல் மெஷின், தையல் மெஷின் என்று அரற்றுகிறாள். அப்படியென்றால் எல்லா வீட்டிலும் ஒருத்தி அரற்றத்தானே செய்வாள்? தையல் மெஷினே முடிவானது. எடுத்த எடுப்பில் இந்தியா முழுக்கப் போக வேண்டாமென்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியோடு நிறுத்திக்கொண்டேன். அடக்கம் எனக்குப் பிறவிக் குணம்.

எந்த வார்த்தையைத் தேடினால் விளம்பரம் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். 'தையல்' என்று போட்டேன். முதல் வாரம் பதினெட்டு பேர் தட்டினார்கள். அவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று அறிக்கையில் பார்த்தேன். 'ஆபரேஷன் தையல் பிரிக்க எத்தனை நாள்', 'தையல் போட்ட இடத்தில் அரிப்பு', 'தையல் போட்டபின் கோழிக்கறி சாப்பிடலாமா'. பதினெட்டு நோயாளிகளுக்கு என் செலவில் தையல் மெஷின் காட்டியிருக்கிறேன். பாவம், எவ்வளவு பயந்தார்களோ.

மறுநாள் திருத்தி, 'தையல் மெஷின் விலை' என்று போட்டேன். மைதிலியின் போனில் தேடச் சொன்னேன். உச்சியில் என் விளம்பரம்! அவள் முகம் மலர்ந்தது.

"ஏங்க, நிஜமாவே நம்ம விளம்பரமா? எவ்ளோ பெரிய எழுத்துல வருது!"

"பின்னே?"

"யாரும் பாக்கலன்னா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது. நான்தான் வருத்தப்படுவேன்."

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த நாளிலிருந்து தட்டுகள் குவிந்தன. இருபது, முப்பது, நாற்பத்தொன்று! காலை ஒன்பது மணிக்குள் அன்றைக்கு நான் ஒதுக்கிய தொகை காலி. ஆடித் தள்ளுபடி மாதம், ஊரே தையல் மெஷினுக்கு அலைகிறது என்று நினைத்துத் தொகையை இரண்டு மடங்காக்கினேன். தட்டும் இரண்டு மடங்கானது. ஆர்டர் மட்டும் பூஜ்யம். பாங்கிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைப் படிப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது, லிஃப்டில் பக்கத்து ஃபிளாட் பக்தவத்சலம் ஏறினார். மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்து, ஆவடி பக்கம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"இன்னா நைனா, உன் வெளம்பரம் ஜோரா கீதே!"

"பாத்தீங்களா, சார்?"

"பாத்தியாவா? டெய்லி தட்டிகினு கீறேன்பா. டீ குட்ச்சிகினே ஒரு தட்டு. வாக்கிங் போயி வந்துகினே ஒரு தட்டு."

எனக்கு லிஃப்ட் கீழே போகிறதா, நான் மட்டும் போகிறேனா என்று புரியவில்லை.

"நீங்க... மெஷின் வாங்கப் போறீங்களா, சார்?"

"எனுக்கு எதுக்குபா மெஷினு? பேண்ட் கிய்ஞ்சா புச்சு வாங்கிப்பேன். உன் ஊட்டுக்காரம்மாதான் நம்ம ஃபிளாட் வாட்ஸப் குரூப்புல போட்டுது. 'எங்க ஊட்டுக்காரர் மனசு நோவக் கூடாது, அல்லாரும் டெய்லி தேடித் தட்டுங்க'ன்னு. என் ஊட்டம்மா சாவித்திரி தட்டறா, மூணாவது மாடி ஃபுல்லா தட்டுது, வாட்ச்மேன்கூட தட்டறாரு. ஒண்ணு சொல்றேன் நைனா. இப்டி ஒரு சம்சாரம் கெடைக்க நீ குட்த்து வெச்சிருக்கணும்."

கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். தட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"மைதிலி, குரூப்ல என்ன எழுதினே?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பின்ன, யாரும் பாக்கலன்னா வருத்தப்படுவேன்னீங்களே. நானே எங்க அம்மா, அண்ணின்னு ஆவடி வரைக்கும் சொல்லி வெச்சேன். நூறு பேராவது இருப்பாங்க."

"ஒவ்வொரு தட்டுக்கும் நான் காசு கட்டணும், மைதிலி."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"யாருக்கு?"

"விளம்பரத்தைக் காட்டற கூகுளுக்கு."

"நம்ம ஜனங்க தட்டினதுக்கு நீங்க காசு கட்டணுமா? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

இவளைக் கோபிக்க வழியில்லை. மனுஷி எனக்காக நூறு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். எனக்காக இத்தனை பேரைத் திரட்ட இந்த உலகத்தில் வேறு யாரிருக்கிறார்கள்? விளம்பரத்தை நிறுத்தினேன். அன்று ராத்திரி எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். பாதி இலையோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் மேஜையின் இழுப்பறையைக் காலி செய்தேன். மைதிலி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லிங்க் மட்டும் இருக்கா? அதையும் எடுத்துட்டீங்களா?"

"இருக்கு. இருந்து என்ன பண்ண?"

"சும்மாதான் கேட்டேன்."

ஆடி கடைசி நாள். பழக்க தோஷத்தில் அறிக்கையைத் திறந்தேன். ஆர்டர்: ஒன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றேதான்! நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"மைதிலி! ஜெயிச்சிட்டேன்! எந்தப் புண்ணியவதியோ வாங்கிட்டா! மேஜை ஆயுசுக்கும் என்னோடது!"

"ரொம்ப சந்தோஷங்க. முதல்ல கீழ இறங்குங்க, நாற்காலி உடையும்."

மூன்றாம் நாள் காலை டெலிவரிக்காரர் ஒரு பெரிய பெட்டியை வாசலில் இறக்கினார். பெட்டியின் மேல் தையல் மெஷின் படம். படத்துக்குக் கீழே எங்கள் விலாசம்.

"புண்ணியவதி நீதானா?"

"அப்ப நீங்க ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு மனசு கேக்கல. உங்க லிங்க்லயே வாங்கினேன். அன்னிக்கு போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கன்னு கேட்டேனே, சொன்னீங்களே."

பதினாலு வருஷத்தில் அவள் கேட்டு நான் சொல்லாத ஓ.டி.பி. கிடையாது. எதற்கு என்று கேட்டதும் கிடையாது. போனைத் திறந்தேன். கடையிலிருந்து ஒரு மெயில் காத்திருந்தது. சொந்த விலாசத்துக்கே வாங்கிய ஆர்டர் செல்லாது, கமிஷன் கிடையாது என்று நாலு வரி.

"ஆர்டர் செல்லாதாம், மைதிலி. அப்படின்னா நான் தோத்துட்டேன்."

"அதெல்லாம் கெடையாது. நான் வாங்கினா ஆர்டர் இல்லையா? ஜெயிச்சது நீங்கதான்." பெட்டியைப் பிரித்து, மெஷினைத் தூக்கி வந்து ஜன்னலோரம் மேஜை மேல் வைத்தாள். "மேஜை உங்களோடது. மெஷினும் உங்க கார்டுல வாங்கினதுதான். உங்க மேஜை மேல உங்க மெஷின். இதுல நான் எங்கங்க நடுவுல வந்தேன்?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பெருமையாக என் மேஜை பக்கத்தில் போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் மைதிலி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."