புலனடக்கச் சங்கத் தலைவரின் வீக்கம்

உலகத்துத் தியாகங்களையெல்லாம் தராசின் ஒரு தட்டிலும், அருப்புக்கோட்டை திம்மையாவின் தியாகத்தை மறு தட்டிலும் வைத்தால் தராசே முறிந்துவிடும். அறுபத்தோராம் வருஷம் 'நெசவாளர் புலனடக்கச் சங்க'த்தை நிறுவியவர் அவர். உறுப்பினர் பதினோரு பேர். மனைவியோடு படுப்பதில்லை என்ற முதல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மனைவிமாருக்குத் தகவல் மட்டும் தெரிவிக்கப்பட்டது.

வெளியாட்களிடம் தமிழ், வீட்டுக்குள் கன்னடம் என்பது அந்த நெசவாளர்களின் வழக்கம். ஆனாலும் சங்க நடவடிக்கை அல்லவா? மனைவி கங்கம்மாளுக்குத் தீர்மானத்தைத் தமிழிலேயே வாசித்தார். அவள் கன்னடத்தில் ஏதோ கேட்கப் போனாள்.

"எதுன்னாலும் மனுவா எழுதிக் குடு. கமிட்டி பரிசீலிக்கும்" என்றார்.

பாவம், கங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே 'ஆட்சேபணை இல்லை' என்று நோட்டில் ஏறியது. திம்மையா பாயைச் சுருட்டிக்கொண்டு தறிப்பக்கம் போய்விட்டார்.

ஏழு வருஷம் கழித்து, 'அடக்கமே ஆண்மை' என்று முழங்கிக்கொண்டிருந்த தலைவர் பாதியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினார். ஒரு மணி நேரத்தில் நாலு தரம். போன இடத்திலும் சொட்டுச் சொட்டாக எரிச்சல்தான். அடிவயிறு கடுத்தது. மதுரைக்குப் பஸ் ஏறினார்.

"மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. நாள்பட்ட வீக்கம்" என்றார் டாக்டர். "மாத்திரை தாரேன். தண்ணி நல்லாக் குடிங்க. தறிக்குழியிலயே உக்காந்து கெடக்காதீங்க. சம்சாரத்தோட சேர்ந்து இருக்கீங்களா?"

"ஏழு வருசமா இல்லைங்க!" திம்மையா நெஞ்சை நிமிர்த்தினார்.

"எவன்யா அப்படி இருக்கச் சொன்னான்? அவுகளுக்கும் சம்மதம்னா தாராளமா இருங்க. வீக்கத்துக்கும் கொஞ்சம் தேவலையாகும்."

அவசரக் கூட்டம் கூடியது. தலைவருக்கு மட்டும் 'மருத்துவ விலக்கு' அளிக்கும் தீர்மானத்தைச் செயலாளர் சௌடையா வாசித்துவிட்டு, பேனாவை மூடாமலே நின்றார்.

"எனக்கும் அந்த எடத்துல லேசாக் கடுக்குதுண்ணே."

ஐந்தே நிமிஷத்தில் பதினோரு பேருக்கும் கடுத்தது. மருத்துவ உலகம் காணாத வேகம்!

வெற்றியோடு வீட்டுக்கு வந்த திம்மையா, ஏழு வருஷமாகப் பேசாத குழைவோடு கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்கச் சொன்ன சம்மதத்தை மட்டும் மறந்துவிட்டார். தறிப்பக்கமிருந்த பாயையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

கங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, நூல் கேட்டு வந்த வெளியாளிடம் பேசுவதுபோல் சுத்தமான தமிழில் சொன்னாள்:

"மனுவா எழுதிக் குடுங்க."

திம்மையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

"அதுக்கென்ன? இனிமேத்தான் படிக்கணும். ஒரு ஏழு வருசம் பொறுத்துக்கங்க."