மூன்று ‘ப’ படைத்தவர்

மொழி செய்கிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. மொழியைப் பேசுகிறவர்களைச் சொல்லவில்லை. அந்த வேலையை நானும் நீங்களும் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இவர்கள் புத்தம் புதிதாக, எவரும் பேசாத ஒரு மொழியை, எவரும் கேட்காமலே உண்டாக்குகிறவர்கள்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? ஊர்காவற்றுறை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘ப, ப, ப’ என்கிறாரா? பயப்பட வேண்டாம். மூச்சை அளக்கிறார். டிக்கெட் ஆடாவிட்டால் ஒரு ‘ப’. படபடவென்று ஆடினால் இன்னொரு ‘ப’. பாண் துண்டு சிக்கியவர் போலத் தொண்டையை அடைத்துச் சொன்னால் மூன்றாவது. தமிழர்கள் இத்தனை காலமும் ஒரேயொரு ‘ப’வை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் பிரதாபன் இந்த இனத்தின் தலைமகன். ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர், மற்ற நேரமெல்லாம் படைப்புத் தொழில். அவருடைய மொழியில் உயிரெழுத்துகளுக்கு ஒரு சட்டம் உண்டு. சொல்லின் முதல் உயிர் வாயின் முன்பக்கத்தில் பிறந்தால் பின்னால் வருகிற உயிர்களும் அங்கேதான் பிறக்க வேண்டும். பின்பக்கம் என்றால் எல்லாம் பின்பக்கம். பெண் பகுதியார் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் மாப்பிள்ளை பகுதியார் ஏற முடியாதே, அது போல. இந்தச் சட்டத்தால் வீட்டு அலுமாரி ‘அலுமாரு’ ஆயிற்று. சொந்தப் பெயரே சட்டத்தை மீறுவதைக் கண்டு, பிரதாபன் தன்னைப் ‘பிரெதேபின்’ என்று திருத்திக்கொண்டார். தேங்காய் வாங்கி வரச் சொல்லி அம்மா பழைய பெயரில் கூப்பிட்டார். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சம்பல் இல்லை.

பிறகு கோசலா வந்தார். நெடுந்தீவுக்காரி, புங்குடுதீவில் படிப்பிக்கிறார். ஓ, அ, ஆ: பெயரில் உள்ள மூன்று உயிரும் பின்பக்கக் கூட்டம். ஒரு மனிதன் காதலிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு மாதத்துக்கு முன்பு, தன்னைக் கலியாணம் கட்டுவீரா என்று பிரதாபன் சாதாரணத் தமிழிலேயே கேட்டுவிட்டார். யோசிக்க வேண்டும் என்ற கோசலா, யோசிப்பதற்கு அவர் தன் மொழியை எழுதிவைத்த கொப்பியையும் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் கோசலாவின் தகப்பனார் வல்லிபுரம் கனடா மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுப் படகு இரைந்துகொண்டு நிற்க, கோசலா பிரதாபனின் முகத்தைப் பார்த்து அவருடைய மொழியிலேயே ஒரு வாக்கியம் சொன்னார். மூன்று ‘ப’வும் அதனதன் இடத்தில், உயிர்களெல்லாம் சட்டத்துக்கு அடங்கி. உலகத்தில் முதன்முதலாக இன்னொரு வாய் அந்த மொழியைப் பேசியது.

பிரதாபனுக்குக் கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் கோசலாவின் உதட்டுக்கு முன்னால் பிடித்தார்.

“இன்னொருக்காச் சொல்லும்.”

சொன்னார். டிக்கெட் ஆடியது. ஆட்டியது மூச்சா, கடற்காற்றா? காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து மறுபடி சொல்ல வைத்தார். பிறகு இரண்டாவது ‘ப’வுக்காக ஒரு தரம், அடைத்த ‘ப’வுக்காக இரண்டு தரம், எல்லாம் சேர்ந்து வருகிற அழகுக்காக இன்னும் ஒரு தரம். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். ஏழாவது தரமும் சொல்லிவிட்டுக் கோசலா ஏறிப் போனார்.

படகு கொஞ்சத் தூரம் போன பிறகுதான், கேட்டதைப் பிரதாபன் ஆற அமரத் தமிழாக்கிப் பார்த்தார். முதற் சொல், நான். இரண்டாவது, உம்மை. மூன்றாவது, கட்டுவன்.

கோசலாவுக்கு அழைப்பு எடுத்தார். இயந்திர இரைச்சலுக்கு மேலாகக் கோசலாவின் குரல் நிதானமாக வந்தது.

“ஏழு தரம் சொன்னனான். எட்டாம் தரம் சொல்ல ஏலாது. நாளைக்கு முதல் படகிலை வந்து ஐயாவோடை நீரே கதையும். தமிழிலை.”

பிரதாபன் போனார். டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வல்லிபுரம் யோசித்து, தலையாட்டி ஓம் என்றார். இந்தத் தடவை பிரதாபனுக்கு உடனே விளங்கியது.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு மொழி செய்கிற வியாதி இல்லை, சந்தோஷம். இன்று காலை தேத்தண்ணியை வைத்துவிட்டு உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொன்னாரே. குரல் உயர்ந்தது ஞாபகம் இருக்கும், முகம் போன போக்கு ஞாபகம் இருக்கும், இந்த ஆள் எப்போதும் இப்படித்தான் என்று நீங்கள் நினைத்ததும் ஞாபகம் இருக்கும். என்ன சொன்னார்?