ஏழு கல்லுக்கு மூன்று சிபாரிசு

786

செஞ்சி,
18-12-1964.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அமீர் ஜான் அவர்களுக்கு, மைத்துனன் ஜகபர் அலி அநேக சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். அங்கு விழுப்புரத்தில் தாங்களும், அக்கா அசீசுன்னிசாவும், பிள்ளைகளும் சுகமாய் இருக்க துஆ செய்கிறேன். இங்கு அனைவரும் சுகம் என்று எழுதினேன். அதில் ஒரே ஒரு குறை. தங்கள் தம்பி ஹுசைன் மூன்று நாளாகக் கடலூர் ஜெயிலில் இருக்கிறான். பதினைந்து நாள். தாங்கள் பதற வேண்டாம். கொலை, களவு என்று எதுவும் இல்லை. களவு கொஞ்சம் உண்டு.

ஊரில் யாராவது தங்களிடம் வேறு விதமாகச் சொல்லுமுன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஹுசைன் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. அவன் மனைவி முன்னிக்கு இது எட்டாம் மாதம் என்பது தங்களுக்குத் தெரியும். குடை ரிப்பேர் செய்கிறவன் வீட்டுக்குள் மழை பெய்கிறது என்று கடைத்தெருவே சிரித்தது. அவன் ஒருவனிடமும் கேட்காமல், வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து, கோட்டை அடிவாரத்தில் சரிந்து கிடந்த ஏழு கல்லை ஏற்றிக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் தனகோட்டி பார்த்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது. கோட்டை சர்க்கார் சொத்து, ஒரு கல்லைத் தொட்டாலும் கேஸ். சம்மன் வந்தது. கோர்ட்டு குமாஸ்தா விநாயகம், நம்ம கடையில் துணி தைக்கக் கொடுக்கிறவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்லு, சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள், பத்து நிமிஷ வேலை. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை மச்சான்.

எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. நான் மாதா கோவில் பாதர் இஞ்ஞாசிக்கு அங்கி தைக்கிறவன் இல்லையா, அந்தப் பங்களாவுக்குள்ள போகவர இருக்கறதால யார் யாருக்கு யார் என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் மாஜிஸ்திரேட்டோட தம்பி பொண்ணுக்கு கான்வெண்டுல டீச்சர் வேலை கிடைச்சுது, அதே வாரத்துல மாதா கோவில் வேலித் தகராறு கோர்ட்டுல காணாமப் போச்சு. கிணத்து ராட்டினம் மாதிரி, அந்தப் பக்கம் ஒரு குடம் இறங்கினா இந்தப் பக்கம் ஒரு குடம் ஏறும். நம்ம குடத்தையும் கட்டிவிடலாம்னு போய் நின்னேன். பாதர் நல்ல மனுஷன், உடனே பேனாவைத் தொறந்தார். ஹுசைன் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவன்னு எழுதறேன்னார். நான்தான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, ஆளைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க பாதர்னு சொன்னேன். சரி, இதை பிஷப் பங்களாவுக்கும் எடுத்துக்கிட்டுப் போ, மேலேர்ந்து ஒரு வார்த்தை வந்தா பலம்னு பாதர் சொன்னார். பஸ் ஏறிப் போனேன். பிஷப்பைப் பார்க்க முடியல, அவருக்குக் கீழே இருக்கற செக்ரட்டரி சாமியைத்தான் பார்த்தேன், அதுக்கே சாயங்காலம் அசர் தொழுகை நேரம் ஆயிடுச்சு. அவர் பாதர் லெட்டரைப் படிச்சுட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, தனக்கு ரெண்டு அங்கி வேணும்னு அளவு குடுத்தார். அப்புறம் அவர் ஒரு லெட்டர் எழுதினார். அதுல ஹுசைன் செஞ்சியின் முக்கிய வியாபாரி ஆயிட்டான். அவரே ஒரு பெரிய ஆபீசர் பேரைச் சொல்லி, அவர் பையனுக்கு இப்பத்தான் நம்ம போர்டிங்குல சீட்டு குடுத்தோம், மாட்டேன்னு சொல்லமாட்டார்னு அனுப்பிவெச்சார். ஆபீசர் மாட்டேன்னு சொல்லல. அவருக்கு ஒரு கோட்டு. அவர் எழுதினதுல ஹுசைன் நவாப் வம்சம்.

இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது மச்சான். எல்லாம் இங்கிலீஷ். முத்திரையைப் பார்த்தே எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு. மூணு லெட்டரையும் ஒண்ணா விநாயகத்துக்கிட்ட குடுத்தேன், கேஸ் அன்னிக்குக் காலையில. அவர் முகம் செத்துப்போச்சு. பழைய மாஜிஸ்திரேட்டு மாத்தலாகிப் போயி எட்டு நாளாச்சாம், இவர் புதுசு, பாதரை இன்னும் பார்த்ததுகூட இல்லையாம். நான் திருப்பிக் குடுங்கன்னு கேட்கறதுக்குள்ள பியூன் உள்ளே கொண்டுபோயிட்டான்.

எங்களுக்கு முன்னாடி மண்டகப்பட்டு பெரியதம்பி கேஸ். அவர் ஏத்தினது ஏழு இல்ல, வண்டி நிறைய. அவருக்காகப் பேச நாதியில்ல. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, எடுத்துட்டேன் சாமி, மாட்டுக் கொட்டா விழுந்துடுச்சுன்னார். மாஜிஸ்திரேட்டு ஒரு சின்ன அபராதம் போட்டு, கல்லைத் திருப்பிப் போட்டுடுன்னு அனுப்பிட்டார். நான் ஹுசைனைத் தட்டிக்குடுத்து, அவருக்கே இப்படின்னா நமக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்கன்னு சொன்னேன். அடுத்து நம்மாளு ஏறினான். மாஜிஸ்திரேட்டு மூணு லெட்டரையும் விரிச்சு வெச்சு, ஒவ்வொண்ணா தமிழ்ல சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்.

"நவாப் வம்சமா நீ? கோட்டை உங்க தாத்தா கட்டினதா?"

"எனக்குத் தெரியாதுங்க," ன்னான் ஹுசைன். அவன் உண்மையைத்தான் சொன்னான். அவர் அதைத் திமிர்னு எடுத்துக்கிட்டார். ஏழை ஒருத்தன் மழைக்கு எடுத்தா மன்னிக்கலாம், ஏழு கல்லுக்கு மூணு பெரிய மனுஷன் கையெழுத்துப் போட வெச்சவனை மன்னிக்க முடியாதுன்னு சொல்லி பதினைஞ்சு நாள் எழுதிட்டார்.

கடலூர் பஸ்ஸுக்கு முன்னாடி சப்ஜெயில்ல அவனைப் பார்த்தேன். திட்டுவான்னு நினைச்சேன், திட்டியிருந்தா தேவலை. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, "அலி மச்சான், நெசமாவே என்னை முக்கிய வியாபாரின்னா எழுதியிருந்துச்சி?" ன்னு கேட்டான். ஆமாடான்னேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல" ன்னுட்டு, முன்னியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டான்.

சுவர் இருந்த இடத்துல நம்ம கடைத் துணியைத்தான் தொங்கவிட்டிருக்கேன். காத்துக்கு அது உப்புது, மழைக்கு நனையுது. முன்னி என்கிட்ட பேசறதில்ல. சோத்தை வெச்சா சாப்பிடறா, அவ்வளவுதான். பெரியதம்பி நேத்து வந்து, கேள்விப்பட்டேன் பாய், ரெண்டு நாள்ல மண்சுவர் வெச்சுத் தரேன்னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு நாம ஒண்ணும் செஞ்சதில்ல.

ஆகையால் மச்சான் அவர்களே, இனி என் ஆயுசில் எவருடைய வாசற்படியிலும் எவருக்காகவும் சிபாரிசுக்குப் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தாங்களும் அப்படியே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு இந்தச் செய்தியை மெதுவாகச் சொல்லவும். ஆண்டவன் தங்கள் வீட்டுச் சுவர்களை நிற்கவைப்பானாக, பிள்ளைகளுக்குக் கல்வியும் ஈமானும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ஜகபர் அலி.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள பாதர் சைக்கிள்ல வந்துட்டார். தன்னாலதான் ஆச்சுன்னு ரொம்ப வருத்தம், கண்ணு கலங்கிப்போச்சு. ஜெயில் பெரிய அதிகாரி அவருக்குத் தெரிஞ்சவராம், ஒரு லெட்டர் கொண்டுவந்தார். நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். முன்னி வந்து வாங்கிக்கிட்டா. காலையில முதல் பஸ்ஸுல நான் கடலூர் போகணும்னு சொல்லிட்டா; மூணு நாளைக்கப்புறம் அவ பேசினது அதுதான், எப்படி மாட்டேன்னு சொல்றது? இன்னொரு விஷயம். மாதா கோவிலுக்கு வந்த புது மணி பதினைஞ்சு நாளா உங்க விழுப்புரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுல ஏதோ காகிதம் இல்லாம நிக்குதாம். அங்க யாராவது தெரிஞ்சவங்க உண்டான்னு பாதர் கேட்டார். உங்க பேரைக் குடுத்துட்டேன். பாதர் லெட்டர் தனியா வருது.