வேகம் கேட்டால் தயங்கும் கார்

வாலாஜாபாத்,
ஐப்பசி, விடாத மழை

மதிப்பிற்குரிய வர்த்தமான் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மனோன்மணியின் மகன் அபிஷேக் வணங்கி எழுதுவது. அருகன் கருணையால் இங்கே அம்மா, அப்பா, பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா ஸ்ரேயா எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமென நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் "ஓட்டை வண்டிய எங்க தலையில கட்டிட்டீங்க" என்று நான் சொன்னதிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் கொடுத்த வண்டிமேல் தப்பில்லை. தப்பு யார்மேல் என்று கீழே எழுதியிருக்கிறேன், படித்ததும் அப்பாவுக்கு போன் பண்ணுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். ஸ்ரேயாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியாச்சு. ஆஸ்பத்திரி காஞ்சிபுரத்தில். இந்த மழையில் நம்பி ஏற இருப்பது இந்தக் கார் ஒன்றுதான்.

கோளாறு மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடும், மெதுவாகப் போனாலும் ஒன்றும் தெரியாது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் ஒரு யோசனை யோசித்து, முக்கி முனகி, அப்புறம்தான் கிளம்பும். ஸ்கேனர் மாட்டினேன், ஒரு கோளாறும் காட்டவில்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், இக்னிஷன் காயில் மாற்றினேன், த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினேன். ஏர் பில்டரைத் திறந்தால் புதுசு மாதிரி பளிச்சென்று இருக்குது, ஒரு கொசு இறக்கைகூட இல்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்து மெக்கானிக் சிட்டிபாபு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, நூல் ஓட்டுற நாடா பாதியில சிக்கின தறி மாதிரி இருக்குதுபா, பெட்ரோல் பம்பை மாத்து என்றார். மாற்றினேன். அதே தயக்கம். இன்னொரு வினோதம், காலையில் ஓரளவு ஓடும், சாயங்காலம் மழையில் நனைந்துக்கினு வரும்போது படு மோசம். நாள் முழுக்க கார் எஞ்சினைப் பொருத்துகிற கம்பெனியில் வேலை செய்கிறவன் வீட்டில் இந்த லட்சணம்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரேயாவைச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டில் ஏறும்போது பக்கவாட்டில் மணல் லாரி. அழுத்தினேன். வண்டி நடுரோட்டில் யோசித்தது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் இந்தக் கடிதம் எழுத நான் இருக்கிறேன். பின்சீட்டில் ஸ்ரேயா ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்துக்கினு, மெதுவா போனா ஏன்டா இதெல்லாம் என்கிறார்.

நேற்று எனக்கு ஷிப்ட் இல்லை. விடிந்ததும் வாசலுக்கு வந்தால் அப்பா காருக்கு முன்னால் குந்திக்கினு பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறார். ஒரு வெள்ளைத் துணி வெளியே வந்தது. ரெண்டாக மடித்தது, உயிர் எதுவும் சாகக் கூடாதென்று நம் வீட்டில் குடிதண்ணீர் வடிகட்டுவோமே, அந்தத் துணி. அதைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்துப்போய்ச் செம்பருத்திச் செடியடியில் உதறினார். ரெண்டு ஈசல் தத்தித் தத்திப் போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் திரும்பி வந்து கட்டினார். எதில்? எஞ்சின் காற்று இழுக்கிற குழாயின் வாயில். அது பம்பருக்குப் பின்னால் கீழே பார்த்துக்கினு இருக்குது, பானட்டைத் திறந்து மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

என்னாப்பா இது என்றேன். மழைக்காலம்டா, வண்டி இழுக்கிற காத்தோட எத்தனை உசுரு உள்ள போவுது என்றார். அதுக்குத்தான் பில்டர் இருக்குதே என்றேன்.

"பில்டர்ல போய் ஒட்டிக்கிறது உசுரோட உட்கார்ந்துக்கினு இருக்குமா?"

துணி கட்டினால் எஞ்சின் மூச்சுத் திணறும் என்றேன்.

"தண்ணியே இந்தத் துணி வழியா போவுது. காத்து போவாதா?"

மாமா, நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். மெதுவாகப் போனால் கொஞ்சம் காற்று போதும், அழுத்தினால் நிறைய வேண்டும், துணி நனைந்தால் இழைக்கு நடுவிலிருக்கிற கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று படம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ அழுத்தாத" என்றார். நான் துணியைப் பிடுங்கினேன். அவர் உள்ளே போய் வேறு துணி கொண்டுவந்து கட்டினார். அம்மா ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

எனவே நீங்கள் போன் பண்ணி, பிரசவம் முடிகிறவரை துணி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லவும். நம் சமண சாஸ்திரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். ஆசீர்வாதத்தை ஸ்ரேயாவுக்கு அனுப்புங்கள், எனக்கு அந்த போன் போதும்.

இப்படிக்கு,
அபிஷேக்

பி.கு: அப்பாவுக்கு போன் பண்ண வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள், இன்று விடியற்காலையில் ஸ்ரேயாவுக்கு வலி வந்துவிட்டது. சாவியோடு ஓடினால் அப்பா எனக்கு முன்னாடியே பம்பருக்கு அடியில் குந்தியிருக்கிறார். கட்டுகிறார் என்று நினைத்துக் கத்திவிட்டேன். கையிலிருந்த துணியைக் காட்டி, "அவுத்துட்டேன்டா. நீ அழுத்து" என்றார். வண்டி ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. வழியெல்லாம் ஈசல், கண்ணாடியில் வந்து வந்து அடித்தது, வைப்பர் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாப் போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெண் குழந்தை. ரெண்டு பேரும் சுகம். ஆஸ்பத்திரி வாசலில் இட்லி வாங்கி வந்தால் அப்பா வேண்டாம் என்கிறார். செத்த உயிர்களுக்காக இன்று உபவாசமாம், அழுத்தச் சொன்னது அவராம். அழுத்தினது நான். அதனால் நானும் சாப்பிடவில்லை. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.